பின்வரிசை நான்கு

பாலிக்சியில், ஏரியைப் பார்த்து
வாயைப் பிளந்து நிற்கும் கண்டெய்னர்தான் என் பட்டறை.
காற்றுக்கு இங்கே பெயர் உண்டு: உலான்.
அது வீசும் நாளில் நட்டுகளைக்கூட
மூடி போட்டு வைக்க வேண்டும்.

இன்று வீசுகிற நாள்.

புருலின் ஹோண்டா ஃபிட் கயிற்றில் கட்டுண்டு வந்தது
ஓர் உருளைக்கிழங்கு லாரிக்குப் பின்னால்.
ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்த வண்டி;
இந்த ஊரில் எவராலும் படிக்க முடியாத ஸ்டிக்கர் ஒன்று
கண்ணாடியில் இன்னும் இருக்கிறது.
நாரினுக்குத் தினம் ஒரு நடை, நான்கு பயணிகள்.

"கோச்கோர் தாண்டியதும் டிக் டிக்கென்று ஒரு சத்தம்.
மஞ்சள் விளக்கு மினுக்கியது.
பின்சீட்டில் பரீட்சைக்குப் போகிற பெண்கள்,
சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.
ரேடியோவைக் குறைத்துக் கேட்டேன்.
பிறகு கூட்டிவிட்டேன்."
டோலோன் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டதாம்.

பானெட்டைத் திறந்தேன்.

இந்த இன்ஜினின் சங்கதி தெரியாதவர்களுக்கு:
நான்கு சிலிண்டர், எட்டு பிளக்.
முன்வரிசை நான்கும் கை நீட்டினால் எட்டும்.
பின்வரிசைக்கு
வைப்பரைக் கழற்றி, அதனடித் தகட்டைக் கழற்றி,
விரல் முட்டியின் தோலையும் கழற்ற வேண்டும்.
ஓர் அறைக்கு இரண்டு பொறி.
ஒன்று சோர்ந்தால் மற்றது சுமக்கும்,
சுமப்பதை வெளியே சொல்லாது.
ஓட்டுகிறவளுக்குத் தெரிவதெல்லாம்
ஏற்றத்தில் வாங்கும் கொஞ்சம் மூச்சு.

மூன்றாவது சிலிண்டரில்
கம்ப்ரஷன் மானியின் முள் படுத்தே கிடந்தது.
கேமரா வயரை உள்ளே இறக்கினேன்.
போன் திரையில் பிஸ்டனின் தலை, அம்மைத் தழும்போடு.
சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கீறல்,
அதற்குத் துணையாக இன்னொன்று.
உடைந்து விழுந்த பீங்கான் சில்லு
சுண்டுவிரல் நகத்தளவு இருந்திருக்கும்.
அதை வைத்துக்கொண்டு
நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை
அந்த அறை தன்னைத் தானே அடித்திருக்கிறது,
ஐம்பது கிலோமீட்டர்.
பக்கத்தில் ரேடியோ.

பின்வரிசை பிளக்கைக் கழற்றினேன். தோலும் போனது.
மூக்கறுந்த முகம்.
உடம்பில் ஜப்பானிய எழுத்து, இருபது வருடப் பழுப்பு.
இது நான் கழற்றிப்போட்டதாக
ஏப்ரலில் நானே எழுதிக் கொடுத்த பிளக்.

எட்டுக்குக் காசு வாங்கினேன்.
அன்றைக்கு வெளியே மூன்று வண்டிகள் காத்திருந்தன,
குளிரில் விரல் மடங்கவில்லை,
பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்.
மீந்த நான்கும் அடுத்து வந்த ஃபிட்டுக்கு
முன்வரிசையாகப் போயின.
அதன் பின்வரிசையைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

"என்ன ஆச்சு?"

"பெட்ரோல்," என்றேன்.

இங்கே எல்லாப் பழியும் பெட்ரோலுக்குத்தான்.
யாரும் அதை எங்கும் கொண்டுபோவதில்லை,
நாலு வசவோடு முடிந்துவிடும்.
புருல் வையவில்லை.
"ஒரு பாட்டில் பிடித்துக் கொடு."
பிடித்துக் கொடுத்தேன். நானே.
மூடி கிடைக்கவில்லை; உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு
காற்றுக்குத் தோளைக் கொடுத்து
சாலையைக் கடக்கக் கிளம்பினாள்.

எதிர்ச்சாரி பெட்ரோல் பங்கில் எர்மெக் நிற்கிறான்.
பத்தொன்பது வயது. திட்டினாலும் முதலில் சிரித்துவிட்டுப்
பிறகுதான் புரிந்துகொள்வான்.
அவள் வருவதைப் பார்த்துக் கையசைத்தான்.

"புருல்!"

உலான் அதை என் வாயிலிருந்தே பிடுங்கி
ஏரிப் பக்கம் கொண்டுபோனது.
கூப்பிட்டேன், கேட்கவில்லை என்று
உள்ளே திரும்பியிருக்கலாம்.
அதற்குக் காற்றே சாட்சி சொல்லியிருக்கும்.

இரண்டாவது தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினேன்,
பெயரை அல்ல.

"நாலுதான் போட்டேன்!"

நடுச்சாலையில் நின்றாள்.
ஒரு லாரி ஹாரனடித்து ஒதுங்கிப் போனது.
பாட்டிலைப் பொத்திய கையை எடுக்காமலே
திரும்பினாள்.